வீடும் முதியோர் இல்லமும்: சிங்கப்பூர் வரலாறு காட்டும் உண்மை

முதுமையுற்ற பெற்றோரை மக்கள் தம் வீட்டில் வைத்துப் பேணுவதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்னும் வினா, பட்டிமன்ற மேடைகளிலும் மாணவர் கட்டுரை ஏடுகளிலும் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். வினா எழும்போதே விடையும் பெரும்பாலும் முடிவு செய்யப்பட்டிருக்கும். வீடு என்றால் அன்பு என்றும், இல்லம் என்றால் கைவிடல் என்றும் வழக்கு வகுக்கப்பட்டுவிடும். முற்காலத்தில் முதியோர் யாவரும் மக்களும் பேரரும் சூழ வாழ்ந்தனர் என்றும், புதிய நாகரிகம் புகுந்து அவ்வாழ்வைக் குலைத்தது என்றும் கூறுதல் மரபாகிவிட்டது. இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதைச் சிங்கப்பூரின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் பயனுடைத்து.

குடும்பம் இல்லாதார் வாழ்ந்த நகரம்

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிங்கப்பூருக்கு வந்தோருள் மிகப் பலர் பிழைப்பை நாடித் தனியே வந்த ஆடவர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது இங்கு வாழ்ந்த இந்தியருள், ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆடவர் என்னும் அளவே இருந்தது. மனைவியும் மக்களும் கடலுக்கு அப்பால் இருக்க, உழைத்து ஓய்ந்தவனை இங்கே எந்த வீட்டில் வைத்து, யார் பேணியிருத்தல் கூடும்?

இவ்வினாவுக்கு அன்றைய நகரம் அளித்த விடை அறச்சாலைகளே. 1844ஆம் ஆண்டில், வணிகர் டான் டோக் செங் அளித்த 7,000 ஸ்பானிய வெள்ளி நன்கொடையைக் கொண்டு ஏழையர் மருத்துவமனை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று நாட்டின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் அது, தோற்றத்தில் திக்கற்ற நோயாளருக்குப் புகலிடமாக எழுந்தது. அம்மருத்துவமனை சிராங்கூன் சாலையிலிருந்து இடம் பெயர்ந்த பின்னர், அவ்விடத்தில் 1910ஆம் ஆண்டில் கன்டோனியச் சமூகத்தார் குவோங் வாய் ஷியூ மருத்துவமனையை நிறுவினர். இந்நாளில் முதியோருக்கான தாதிமை இல்லமாகவும் அது தொண்டாற்றி வருகின்றது.

1935ஆம் ஆண்டில் ‘ஏழைகளின் சின்னஞ்சிறு சகோதரிகள்’ என்னும் கத்தோலிக்கத் துறவியர் சிங்கப்பூருக்கு வந்து, முதியோருக்கெனத் தனி இல்லம் நடத்தத் தொடங்கினர். அவர்தம் சபையின் தோற்றம் நினைவிற் கொள்ளத்தக்கது. 1839ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில், ழான் ஜுகான் என்னும் எளிய பெண்மணி, பார்வையிழந்த முதியவள் ஒருத்தியைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து, தம் படுக்கையையே அவளுக்கு ஈந்தார். வீடற்றவளுக்குத் தம் வீட்டையே திறந்துவிட்ட செயலே பின்னர்ப் பல நாடுகளில் முதியோர் இல்லங்களாகப் பெருகிற்று. ஆகவே, பெற்ற மக்கள் தள்ளிவிட்டதனால்தான் முதியோர் இல்லம் தோன்றியது என்பது இவ்வூர் வரலாற்றுக்குப் பொருந்தாது. தாங்குவார் இல்லாதாரைத் தாங்குதற்கே அது இங்குத் தோன்றிற்று.

சாகோ லேனும் சைவ மடங்களும்

சீனர் வட்டாரத்தில் சாகோ லேன் என்னும் சிறு தெரு ஒன்று உண்டு. அதனை ‘இறந்தோர் தெரு’ என்றே சீனர் வழங்கினர். சாவை எதிர்நோக்கிய முதியோரையும் நோயாளரையும் வைத்திருக்கும் ‘மரண வீடுகள்’ அங்கே இருந்தன. கடைவீடுகளின் மேல்மாடிகளைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என மக்கள் நெருங்கி வாழ்ந்த காலம் அது. பிறர் உறையும் வீட்டில் ஒருவர் இறப்பது தீயூழை வருவிக்கும் என்னும் அச்சமும் நிலவிற்று. எனவே, உயிர் பிரியுமுன்னரே முதியவரை அங்குக் கொண்டு சேர்த்தனர். தம்மைப் பார்ப்பார் எவரும் இல்லாது, தாமே அங்குச் சென்று படுத்தாரும் உளர். 1961ஆம் ஆண்டில் இவ்வீடுகள் தடை செய்யப்பட்டன.

இதற்கு மாறான ஏற்பாடு ஒன்றும் அக்காலத்தே இருந்தது. மணம் செய்வதில்லை என்று நோன்பு பூண்டு, பிறர் வீடுகளில் பணிபுரிந்த சீனப் பெண்டிர் பலர், தம் ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சைவ மடங்களில் தமக்கு இடம் தேடிக்கொண்டனர். முதுமையில் உறையுளும், இறந்தபின் செய்யவேண்டிய சடங்குகளும் அதனால் உறுதியாயின. மார்ஜரி டாப்லி என்னும் மானிடவியல் அறிஞர் 1954ஆம் ஆண்டில் இம்மடங்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். சாகோ லேனில் கிடந்தவருக்கும் மடத்தில் வாழ்ந்த மூதாட்டிக்கும் உள்ள வேறுபாடு யாது? இருவரும் மக்கள் வீட்டில் இல்லை. ஆயினும், மடத்து மூதாட்டி தன் இடத்தைத் தானே தெரிந்தெடுத்தாள். தன்னொத்த தோழியரிடையே வாழ்ந்தாள். மற்றவரோ வேறு வழியின்றிக் கொண்டு விடப்பட்டார்.

தமிழ்த் தொழிலாளர் நிலை

தமிழ்த் தொழிலாளருக்கு வாய்த்த முதுமை இன்னும் வேறு வகையானது. மலாயாத் தோட்டங்களில் அவர்கள் வாழ்ந்த லயங்கள் முதலாளிக்குரியவை. கை ஓய்ந்தால் வேலை போகும். வேலை போனால் கூரையும் போகும். 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்றக் குழுவின் நிதி, தொழிலாளரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வருதற்குப் பயன்பட்டது. உழைக்க இயலாதவரை மீண்டும் கப்பலேற்றி அனுப்புதற்கும் பயன்பட்டது. இளமையின் உழைப்பு மலாயாவுக்கும், முதுமையின் சுமை நாகப்பட்டினத்திற்கு அப்பாலுள்ள சிற்றூர்களுக்கும் என்று பங்கிட்ட ஏற்பாடு அது. பல்லாண்டு கழித்து ஊர் திரும்பியவனுக்கு அங்கே நிலமும் உறவும் எஞ்சியிருந்தால் பேணுவாரும் இருந்தனர். இல்லையேல் அதுவும் இல்லை.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. போருக்குப் பின் பெண்டிரும் பிள்ளைகளும் இங்கேயே நிலைத்தனர். 1951இல் மலாயாவில் ஊழியர் சேமநிதியும், 1955இல் சிங்கப்பூரில் மத்திய சேமநிதியும் தொடங்கப்பெற்றன. தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே ஊரில் வாழும் நிலை இந்நாட்டுத் தமிழருள் பெரும்பாலாருக்கு அதன் பின்னரே வாய்த்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்று இன்று போற்றப்படும் கூட்டு வாழ்வு, இம்மண்ணில் அத்துணைத் தொன்மையுடையது அன்று.

அடுக்குமாடி வீடும் அரசின் கொள்கையும்

குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியபின், முதியோரைப் பேணும் பொறுப்புக் குடும்பத்தினுடையதே என்பதை அரசு கொள்கையாகக் கொண்டது. இல்லம் இறுதிப் புகலிடமாகவே கருதப்பட்டது. 1976ஆம் ஆண்டில் தோன்றிய இல்லத் தாதிமை அறநிறுவனம், நோயுற்ற முதியோரின் வீடுகளுக்கே தாதியரை அனுப்பிற்று. 1982ஆம் ஆண்டில், பெற்றோரும் மணமான மக்களும் ஒருங்கு வாழ விரும்பி வீட்டுக்கு விண்ணப்பித்தால் முன்னுரிமை அளிக்கும் திட்டம் கொணரப்பட்டது.

அதே ஆண்டில், சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையில் முதியோர் சிக்கல்களை ஆராயும் குழு அமைக்கப்பட்டது. 1984இல் வெளிவந்த அதன் அறிக்கை, சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதை 55இலிருந்து 60ஆக உயர்த்தப் பரிந்துரைத்தமையால் மக்களிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பிற்று. எனினும், முதுமை என்பது வீட்டுக்குள் முடியும் செய்தியன்று, நாடே எண்ணவேண்டிய செய்தி என்பதை அவ்வறிக்கை யாவர்க்கும் உணர்த்திற்று.

சட்டத்தின் வழி கடமை

1994ஆம் ஆண்டில், நியமன உறுப்பினர் வால்டர் வூன் பெற்றோர் பராமரிப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் கொணர்ந்தார். பெற்ற கடனைச் சட்டத்தால் வாங்க முடியுமா, அன்பை நீதிமன்றம் ஆணையிடுமா என்று பலர் வினவினர். நீண்ட விவாதத்திற்குப் பின் 1995 நவம்பரில் அது நிறைவேறி, 1996 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, 60 வயது நிரம்பிய பெற்றோர், மக்களிடமிருந்து பொருளுதவி கோரித் தீர்ப்பாயத்தை நாடலாம் என்பது அதன் சாரம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இணக்கப் பேச்சுக்கு இடம் வகுத்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, பிள்ளைகளைத் துன்புறுத்தியதாகவோ கைவிட்டதாகவோ பதிவுள்ள பெற்றோர், முதலில் தீர்ப்பாயத்தின் இசைவைப் பெறவேண்டும் என்று விதித்தது.

இச்சட்டத்தில் கருதத்தக்க ஒன்று உண்டு. அது பணம் தருமாறு ஆணையிடும். உடன் வைத்துக்கொள்ளுமாறு ஆணையிடாது. பேணுதல் வேறு, செலவுக்குக் கொடுத்தல் வேறு என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

உழைப்பவர் யார்?

‘வீட்டில் வைத்துப் பேணுதல்’ என்னும் தொடரில் எழுவாய் மறைந்திருத்தலைத் தமிழாசிரியர் எளிதில் காண்பர். பேணுவது யார்? முற்காலத்தில் அது மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் ஊதியமில்லாப் பணி. மகன் பெற்றோரைப் பேணினான் என்று ஊர் புகழும். இரவில் எழுந்து படுக்கையை மாற்றியவள் மருமகளாய் இருப்பாள். பெண்டிர் வேலைக்குச் சென்றபின், 1978ஆம் ஆண்டுத் திட்டத்தின் வழி வெளிநாட்டுப் பணிப்பெண்கள் வரத்தொடங்கினர். 2023ஆம் ஆண்டின் முடிவில் அவர்தம் தொகை 280,000க்கும் மேற்பட்டது. தன் தாயைத் தன் ஊரில் விட்டுவந்த ஒரு பெண், இங்கே மற்றொருவரின் தாயைக் குளிப்பாட்டுகின்றாள். வீட்டுப் பேணல் என்று பெருமையுடன் கூறப்படுவது பல குடும்பங்களில் இவளது உழைப்பே.

முதுமையின் அளவும் மாறிவிட்டது. நாட்டில் வசிப்போருள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 1990இல் நூற்றுக்கு 6 பேர். 2010இல் 9 பேர். 2020இல் 15 பேர். பிள்ளைகளின் தொகையோ குறைந்துவிட்டது. ஐந்து மக்கள் பகிர்ந்த பொறுப்பு இன்று ஒருவர் தோளில் நிற்கின்றது. குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிவறை செல்லல், நடத்தல், படுக்கையிலிருந்து இருக்கைக்கு மாறுதல் என்னும் ஆறனுள் மூன்றைப் பிறர் துணையின்றிச் செய்ய இயலாமையைக் கடும் உடற்குறை எனக் காப்புறுதித் திட்டங்கள் வரையறுக்கின்றன. 2002இல் எல்டர்ஷீல்டும், 2020இல் கேர்ஷீல்டு லைஃபும் இதனை அளவுகோலாகக் கொண்டே எழுந்தன. 2019ஆம் ஆண்டில், வீட்டில் பேணுவோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கும் ஏற்பாடும் வந்தது. பேணுதல் அன்பு மட்டும் அன்று, பெரும் உழைப்பும் ஆகும் என்பதற்கு இவை சான்று.

வரலாறு தரும் தெளிவு

எல்லாம் தொகுத்து நோக்கின், வீடு எப்போதும் நன்று, இல்லம் எப்போதும் தீது என்னும் முடிவுக்கு வரலாறு இடம் தரவில்லை. ஒரே வீட்டில் இருந்தும், பகல் முழுதும் பூட்டிய கதவுக்குள் பேச்சுத் துணையின்றிக் கிடக்கும் முதியவர் உளர். தாதியரின் திருத்தமான கவனிப்பால் இல்லத்தில் உடல் தேறியவரும் உளர். நினைவு மறதி நோய் முற்றி, இரவில் வெளியேறித் தெருவில் அலையும் தாயை, வேலைக்குச் செல்லும் ஒரே மகள் தனியே காத்தல் அரிது. அவளை அன்பற்றவள் எனப் பழிப்பது அறமாகாது.

அவ்வாறே, இல்லத்தில் சேர்த்ததோடு கடமை முடிந்தது எனக் கருதுதலும் பிழை. தமிழன்றி வேறு மொழி அறியாத மூதாட்டி, தமிழ் பேசுவார் ஒருவரும் இல்லாத கூடத்தில், பழகாத உணவுடன் இருப்பாளாயின், அவளுக்கு மருந்து இருந்தும் வாழ்வு இல்லை. 1948இல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன் போன்ற சமூக அமைப்புகள், இனவேறுபாடின்றி எல்லார்க்கும் தாதிமை இல்லம் நடத்திவரும் இந்நாளில், தமிழ்ச் சங்கங்களும் மாணவரும் அத்தகைய இல்லங்களுக்குச் சென்று, அரை மணி நேரம் தமிழில் உரையாடி வருதல் சிறந்த தொண்டாகும்.

பட்டிமன்றத்திற்குத் தலைப்பு வகுப்போர் இனி மூன்று வினாக்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இம்முதியவருக்கு எத்தகைய துணை தேவை? அத்துணையை நாள்தோறும் அளிக்கப்போகும் கைகள் யாருடையவை? எங்கே வாழ விரும்புகிறீர் என்று அவரையே எவரேனும் கேட்டனரா? சைவ மடத்து மூதாட்டிக்குக் கிடைத்து, சாகோ லேனில் கிடந்தவருக்குக் கிடைக்காத உரிமை இம்மூன்றாம் வினாவில்தான் அடங்கியிருந்தது. அதனைக் கேட்காமல் செய்யும் முடிவு, வீட்டின் பக்கம் சாய்ந்தாலும் இல்லத்தின் பக்கம் சாய்ந்தாலும், முதியவருக்குரிய மதிப்பைக் குறைப்பதேயாகும்.