எட்டுத் தந்தி, ஐந்து தந்தி

"மாமா, ஒரு மாண்டலின் வாங்கணும். எல்லாத்துக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றான் அக்கா மகன். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன். ஷிப்ட் இல்லாத ராத்திரிகளில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறான். ஓசூர் - ராயக்கோட்டைச் சாலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; இங்கே ஒரே மேடையில் தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, கன்னடப் பாட்டு மூன்றும் வேண்டும், நடுவில் ஒருவர் எழுந்து இந்திப் பாட்டும் கேட்பார். மார்கழியானால் பஜனைக்குக் கூப்பிடுவார்கள். அவனுடைய 'எல்லாத்துக்கும்' என்பது இதுதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் நழுவப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல்லே தொந்தரவு செய்யத் தொடங்கிவிட்டது. எல்லா இசைக்கும் பொதுவான கருவி என்று ஒன்று உண்டா? பொது என்று எதைச் சொன்னாலும் அது யாருடைய பொது என்று கேட்டுப் பழகிய நாம், ஒரு வாத்தியத்தை மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

மாண்டலினின் உடம்பை முதலில் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் உருவான வடிவத்தில் நான்கு இணைத் தந்திகள், ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொரு இணையும் ஒரே சுருதியில் இருக்கும். நான்கின் சுருதியும் வயலின் சுருதிதான். கம்பி குட்டை, மீட்டியதும் நாதம் செத்துவிடும். அதைச் சாகவிடாமல் நீட்டத்தான் பிளெக்ட்ரத்தை மேலும் கீழுமாக வேகமாக ஓட்டுகிற ட்ரெமலோ. இரண்டு தந்திகள் அணுவளவு விலகி ஒன்றாக அதிரும்போது வருகிற மினுமினுப்பைத்தான் சினிமாக் காதில் நாம் மாண்டலின் என்று அடையாளம் காண்கிறோம். 1995இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தின் நாயகன் கையில் இருந்ததை ஊர் ஊராகப் பையன்கள் காதலித்தது இந்த மினுமினுப்புக்காகத்தான். அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனி முதுகைக் கிண்ணம் போலக் குடையாமல் வயலின் போலச் செதுக்கியது. 1922இல் வெளிவந்த எஃப்-5 மாடலை வைத்துக்கொண்டு பில் மன்றோ புளூகிராஸ் என்ற இசையையே நிலைநாட்டினார். அங்கே அதன் வேலை பாதி தாள வாத்திய வேலை, வெட்டி வெட்டி அடிப்பது. ஆக, கடையில் தொங்குகிற எந்த மாண்டலினும் அப்பாவி இல்லை. ஏதோ ஓர் இசை அதை ஏற்கெனவே தன் பக்கம் வளைத்து வைத்திருக்கிறது.

நம் பக்கத்துக் கதை உப்பலப்பு ஸ்ரீனிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பா சத்யநாராயணா கிளாரினெட் வாசித்தவர். வீட்டிலிருந்த அப்பாவின் மாண்டலினைச் சிறுவன் எடுத்துக்கொண்டான். குருவாக வந்த ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கருவியில் தேடிப் பிடிப்பான். பிள்ளையின் மேதைமைக்குச் சான்றாகவே இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. மாண்டலின் தெரிந்த ஒருவர் குருவாக வாய்த்திருந்தால் முதல் பாடமே ட்ரெமலோவாக இருந்திருக்கும். கருவிக்கு எது முடியும் எது முடியாது என்பதும் அதோடு சேர்ந்து வந்திருக்கும். இங்கே குருவின் தொண்டைதான் பாடப்புத்தகம். தொண்டைக்கு மெட்டுக் கட்டைகள் கிடையாது. கருவியின் சம்பிரதாயத்துக்குக் கட்டுப்பட ஆளில்லாத அந்த வெற்றிடம்தான் அவருக்குக் கிடைத்த சுதந்திரம்.

தோடியோ பைரவியோ பாடுகிற தொண்டையைத் துரத்த எட்டுத் தந்தி உதவாது. கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும். இணையாக இருக்கும் இரண்டை ஒரே விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிசகும், விரலும் கிழியும். இழுத்து முடிப்பதற்குள் நாதமும் போய்விடும். ஸ்ரீனிவாஸ் செய்தது இரண்டு காரியம். மின்சார மாண்டலினுக்குப் போனார்: நாதத்தின் ஆயுள் நீண்டது. இணைகளைக் கழற்றி ஒற்றைத் தந்திகளாக்கினார். பிறகு ஐந்தாவதாக ஒரு தந்தி சேர்த்தார், கீழ் ஸ்தாயிக்கு இடம் கிடைத்தது. 1978இல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் மேடையேறியபோது வயது ஒன்பது. 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டிக் கச்சேரி. 1983இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழா.

சென்னை எளிதில் மயங்கிவிடவில்லை. மேல்நாட்டுக் கருவி, அதுவும் மின்சாரம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இந்த முகச்சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வயலின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வழியாகவும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வழியாகவும் வந்தது. எட்டயபுரம், திருவாங்கூர் அரண்மனைகள் பின்னால் இருந்தன. சம்மணமிட்டு உட்கார்ந்து, கணுக்காலில் தலையை ஊன்றிக்கொண்டதும் வயலின் நம்மூர்ப் பிள்ளையாகிவிட்டது. ஹார்மோனியத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாடகக் கொட்டகையும் பஜனை மடமும்தான் அதன் உறவினர்கள். 1940இல் அகில இந்திய வானொலி அதை வெளியே தள்ளி, முப்பது வருஷத்துக்கு மேல் வாசற்படியில் நிறுத்தியது. கமகம் வராது என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் கருவிகளுக்கான நுழைவுத் தேர்வில் காது மட்டுமா மார்க் போட்டது?

மாண்டலினும் ஹார்மோனியத்தின் தெருக்காரன்தான், பாட்டுக் கச்சேரி, சினிமா ஆர்கெஸ்ட்ரா என்று. அது கமகத்தை வாசித்துக் காட்டித் தேர்வில் தேறியது. தேறியபின் எழுந்த சொல்லாடல், மாண்டலினைக் கர்நாடகமாக்கினார், கிட்டத்தட்ட வீணையாக்கினார் என்பது. இது சபாவுக்குச் சௌகரியமான வாக்கியம். சபா தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கருவிதான் குளித்துவிட்டு உள்ளே வருகிறது. உண்மையில் உள்ளே வந்தது ஆம்ப்ளிஃபயரும் கூடத்தான். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

இதே விடையை உலகத்தின் இன்னொரு மூலை வேறு காரணத்துக்காகக் கண்டுபிடித்ததுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. பிரேசிலின் பாஹியாவில் டோடோ, ஆஸ்மார் என்ற இருவர் 1940களில் கட்டைமரத்தில் மின்சாரக் கருவி செய்தார்கள். உள்ளே குடைவில்லாத உடம்பு, மாண்டலின் சுருதி, ஒற்றைத் தந்திகள். 1950 கார்னிவலில் அதை ஒரு பழைய ஃபோர்டு காரில் ஏற்றித் தெருத்தெருவாக வாசித்துப் போனார்கள். பிற்பாடு ஆஸ்மாரின் மகன் அர்மாந்தின்யோ அதற்கு ஐந்தாவது தந்தி சேர்த்தார். எட்டு ஐந்தாகி, மரத்தில் மின்சாரம் ஏறியது, கணக்கு ஒன்றேதான். அங்கே அது லாரியில் ஏறியது, இங்கே சபா மேடையில் ஏறியது. ஐந்து தந்திக்குச் சொந்தமான புனிதம் என்று எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஸ்ரீனிவாஸ் 'எல்லாத்துக்கும் ஆவுற' கருவியைத் தேடிப் போகவில்லை. கமகம் என்ற ஒரே பிடிவாதத்துக்காக வளைத்தார். அப்படி வளைத்த பிறகுதான் அது மைக்கேல் புரூக்குடன் 1995இல் 'ட்ரீம்' இசைத்தட்டுக்கும், ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் ஹுசேனும் இருந்த 'ரிமெம்பர் சக்தி' குழுவுக்கும் பொருந்தியது. 2014 செப்டம்பர் 19இல், 45 வயதில் அவர் இறக்கும்வரை இரண்டு பக்கமும் அதே ஐந்து தந்திதான் போய்வந்தது.

ஆனால் அவர் கழற்றிப் போட்டதையும் சொல்ல வேண்டும். அந்த மினுமினுப்பு. ஐந்து தந்தியில் ட்ரெமலோ வாசிக்கலாம். இணைத் தந்தியின் சலசலப்பு வராது. உத்தனப்பள்ளித் திருவிழாவில் சனங்கள் கேட்பதோ அதைத்தான். சபாவின் அளவுகோலில் நஷ்டமே இல்லாத ஒன்று, இங்கே மேடையையே இழப்பதாகும். மாண்டலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எட்டை விட்டு ஐந்துக்குப் போனதை வளர்ச்சி என்றே எழுதுகிறார்கள். எட்டோடு நின்றுகொண்ட ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் யாருக்கும் அந்த வரலாற்றில் ஒரு வரியும் இல்லை.

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எதை வாங்க மாமா?" என்றான். எட்டுத் தந்தி, பிக்கப் வைத்தது, முதுகு தட்டையானது வாங்கு என்றேன். எட்டிலிருந்து நாலைக் கழற்றினால் ஒற்றைத் தந்தியாகிவிடும், வேண்டும்போது திரும்ப மாட்டலாம். ஐந்து தந்தியில் எட்டுக்கு இடமில்லை. வாங்கும்போது பன்னிரண்டாவது மெட்டில் அழுத்திப் பார், திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி சுத்தமாக வராவிட்டால் விலை குறைத்தாலும் வேண்டாம் என்றேன்.

பெங்களூரில் வாங்கி வந்தான். நாலைக் கழற்றி ஒரு சம்பளக் கவரில் போட்டு வைத்து, இரண்டு மாசம் ராத்திரியெல்லாம் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தான். மாயாமாளவகௌளையில் வரிசைகள் ஓரளவு வந்தன. தோடி கிட்டேயே வரவில்லை. போன வாரம் போனபோது கவரைப் பிரித்து நாலையும் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். ராயக்கோட்டையில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவாம், அட்வான்ஸ் வாங்கிவிட்டானாம்.