ஆளில்லாத நிலையம்



இங்கிலாந்தின் வடபகுதியில், கம்பிரியா வட்டாரத்து மலைப் பள்ளத்தாக்கில், டென்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் இரயில் நிலையத்தில் டிக்கெட் விற்பவரும் இல்லை, கொடி காட்டுபவரும் இல்லை. பயணிகள் தாமே வந்து காத்திருந்து ஏறிக்கொள்கிறார்கள். நிலையம் ஊருக்குள்ளும் இல்லை. நான்கு மைலுக்கு அப்பால், நம் பேச்சில் சொன்னால் நாலு கட்டை தூரத்தில், சுமார் 600 அடி மேட்டில் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 1,150 அடி.

ஏன் அத்தனை தள்ளிக் கட்டினார்கள்? அந்தப் பாதை டென்ட் மக்களுக்காகப் போடப்பட்டதன்று. மிட்லண்ட் இரயில்வே கம்பெனி, ஸ்காட்லாந்து போகத் தனக்கென ஒரு வழி வேண்டுமென்று 1869-இல் செட்டில் நகரிலிருந்து கார்லைல் வரை 72 மைல் பாதையைத் தொடங்கியது. வண்டிகள் விரைந்தோட வேண்டுமானால் பாதை மிகையாக ஏறி இறங்கக்கூடாது. ஆகவே பள்ளத்து ஊர்களை விட்டு மலைச்சரிவிலேயே கொண்டுபோனார்கள்.

வெட்டியவர்கள் யார்? ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள். மழையும் பனியும் சேறுமான வெட்டவெளியில், மனைவி மக்களோடு பலகைக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலமும், அதை அடுத்து 2,629 கஜ நீளமுள்ள பிளே மூர் சுரங்கமும் அவர்கள் கைவேலை. விபத்திலும் பெரியம்மையிலும் பலர் மாண்டனர். சேப்பல்-லெ-டேல் தேவாலய இடுகாட்டில் புதைக்கப்பட்ட தொழிலாளரும் குடும்பத்தாரும் ஏறத்தாழ 200 பேர். அவர்களுக்காக அந்த இடுகாட்டையே பெரிதாக்க வேண்டியிருந்தது. 1876-இல் பயணிகள் வண்டி ஓடியது. டென்ட் நிலையம் 1877-இல் திறந்தது.

கார்களும் பேருந்துகளும் பெருகின. 1970-இல் டென்ட் உட்பட வழியிலிருந்த சிறு நிலையங்கள் மூடப்பட்டன. 1980-களில் பாதை முழுவதையுமே மூடிவிட பிரிட்டிஷ் இரயில் நிர்வாகம் முனைந்தது. ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கப் பெருந்தொகை ஆகும் என்பது அது சொன்ன காரணம். மக்கள் விடவில்லை. பல்லாயிரம் பேர் ஆட்சேபம் எழுதினார்கள். ஒரு நாயின் காலடித் தடங்கூட அதில் சேர்க்கப்பட்டது! அதுவும் கட்டணம் செலுத்திய பயணியாயிற்றே. 1989 ஏப்ரலில் அரசாங்கம் இறங்கி வந்தது; பாதை பிழைத்தது. பாலமும் பின்னர் மதிப்பிட்டதைவிடக் குறைந்த செலவிலேயே பழுதுபார்க்கப்பட்டது. அப்படியானால் முதலில் சொன்ன கணக்கு என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

டென்ட் நிலையம் அதற்கு முன்பே, 1986-இல், மறுபடியும் திறந்துவிட்டது. ஆனால் பழைய நிலையக் கட்டடத்துக்கு உத்தியோகஸ்தர்கள் திரும்பி வரவில்லை. அது இப்போது விடுமுறைக்கு வருவோர் தங்கும் வீடு. அதற்கு மேலே சரிவில், பனி வந்து தண்டவாளத்தை மூடாதிருக்க அந்நாளில் வரிசையாக நட்டுவைத்த சிலிப்பர் கட்டைகள், சாய்ந்தும் சரிந்தும் நிற்கின்றன.