ஒரு முழங்காலா, இரண்டு முழங்காலா?



சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1781 முதல் 1785 வரை ஆளுநராக இருந்தவர் மெக்கார்ட்னி பிரபு. ஹைதர் அலியோடு போர் நடந்த காலம் அது. பிறகு 1793-இல் இதே மனிதர், பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராகச் சீனப் பேரரசர் சியான்லுங்கைப் பார்க்கப் போனார். அந்தச் சந்திப்பைவிட, அதைப் பற்றிப் பரவிய கதைதான் பெரிய வேலை செய்தது.

கதை இதுதான். பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். மெக்கார்ட்னி மறுத்தார், தம் மன்னருக்குச் செய்வதுபோல ஒரு முழங்காலை மட்டும் மடக்கினார். கர்வம் பிடித்த கிழட்டுப் பேரரசர் கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கதை முந்திக்கொண்டது. 1792 செப்டம்பரில், தூதுக்குழு கப்பல் ஏறுவதற்கு முன்பே, லண்டனில் கில்ரே என்ற ஓவியர் கேலிச்சித்திரம் வெளியிட்டுவிட்டார். அதில் பேரரசர் திண்டில் சாய்ந்து அலட்சியமாகப் பார்க்கிறார், மெக்கார்ட்னி மண்டியிட்டிருக்கிறார். நடக்காத சந்திப்புக்குப் படம்!

மெக்கார்ட்னி கேட்டது என்ன என்பதைப் பலர் சொல்வதில்லை. அப்போது ஐரோப்பியர் கேன்டன் துறைமுகத்தில் மட்டுமே வியாபாரம் செய்யலாம். நிங்போ, தியான்ஜின் போன்ற இடங்களையும் திறந்துவிட வேண்டும், பெய்ஜிங்கில் நிரந்தரத் தூதர் இருக்க வேண்டும், கிடங்கு வைக்கக் கடலோரம் ஒரு சிறு தீவும் வேண்டும் என்றார். தீவு கேட்டால் எந்த அரசுதான் யோசிக்காது? சூரத்திலும் சென்னையிலும் கிடங்கில்தானே தொடங்கினார்கள்!

பேரரசர் அத்தனையையும் மறுத்தார். எங்களிடம் எல்லாம் இருக்கிறது, உங்கள் பொருள் தேவையில்லை என்ற பொருளில் மன்னருக்குக் கடிதமும் போனது.

அரை நூற்றாண்டு கழித்து அபினிப் போர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்த அபினி சீனாவுக்குப் போனது; அதைச் சீன அரசு தடுத்தது; பிரிட்டன் போர் தொடுத்தது. ஆனால் 1841-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் என்ன பேசினார் தெரியுமா? போருக்குக் காரணம் அபினி அல்ல, அந்த மண்டியிடும் வழக்கம்தான் என்றார். முழங்கால் கதை அபினியை மறைத்துவிட்டது. ஹாங்காங் தீவு 1842-இல் பிரிட்டன் கைக்குப் போனது.

1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் அருகே யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. பிடிபட்ட தங்கள் ஆட்கள் சிலர் சிறையில் இறந்ததற்குப் பழிவாங்க, அதைக் கொளுத்தச் சொன்னவர் எல்கின் பிரபு. (பிற்பாடு இந்திய வைஸ்ராயாகி, 1863-இல் தர்மசாலாவில் இறந்தவர்.) மெக்கார்ட்னி கொண்டுபோன பீரங்கிகள் பயன்படுத்தப்படாமல் அங்கே கிடந்தன. 'பார்த்தீர்களா சீனரின் அலட்சியத்தை' என்று அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டார்கள். இன்று அந்த இடிபாடுகளைச் சீன அரசு பாதுகாத்து, அவமானத்தின் நூற்றாண்டு என்ற தன் கதையைச் சொல்கிறது.

முழங்கால் கதையைச் சீனர்களும் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வியப்பு. 1911-12 புரட்சியில் முடியாட்சி ஒழிந்தது. 1920-களில் அரண்மனை ஆவணங்களைப் பதிப்பித்தவர்கள், வணங்கும் சடங்கு பற்றிய தாள்களையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பழைய அரசர்கள் உலகம் தெரியாதவர்கள் என்று காட்ட அது வசதியாக இருந்தது.

1990-களில்தான் பெரும்பகுதி ஆவணங்கள் அச்சாயின. ஹென்ரியெட்டா ஹாரிசன் என்ற வரலாற்றாசிரியர் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். மெக்கார்ட்னியின் கோரிக்கைகளை மறுத்த கையோடு பேரரசர் கடலோர மாகாணங்களுக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறார்: ஆங்கிலேயர் வரக்கூடும், காவலைப் பலப்படுத்துங்கள் என்று. உலகம் தெரியாத கிழவர் எழுதிய உத்தரவாகவா இருக்கிறது?

அபினி பீகார் வயலிலிருந்து கேன்டன் போன வழியை அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.