தெரு ஊழியமும் பெருந்தெருச் செலவும்

திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து நிலாவெளிக்குச் செல்லும் தெருவின் செலவு யாது என வினவினால், சரளை, தார், ஒப்பந்தகாரரின் கேள்விப்பத்திரம் ஆகியனவே நினைவுக்கு வரும். ஆயின் பெருந்தெருச் செலவைக் குறைக்கும் பிரச்சினைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியேற்ற ஆட்சி கண்ட தீர்வு மிக எளிமையானது. செலவிற் பெரும்பங்கான மனித உழைப்பைக் கணக்கேட்டிலிருந்தே நீக்கிவிடுவது அது.

இத்தீர்வு முற்றிலும் பிரித்தானியரின் கண்டுபிடிப்பு அன்று. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஊழியம் என்ற பெயரிற் கட்டாய வேலை வாங்கினர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேட் பார்ண்ஸ், இராசகாரியம் என்னும் பழைய நிலமானியக் கடமையைக் கொண்டே கொழும்பு-கண்டித் தெருவை அமைத்தார். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. சுதந்திர உழைப்பின் வெற்றி என்று இதனைப் புகழ்வோர் அடுத்த பதினாறு ஆண்டுகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1848இல் டொறிங்டன் தேசாதிபதியின் அரசு தெருக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்ய வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். அதாவது, ஒரு நாள் உழைப்பின் விலை ஆறு பென்ஸ். கோப்பித் தோட்ட முதலாளிக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டன்று. கையிற் காசு புழங்காத குடியானவனுக்கு அவனது உடலே வரி. நிலமானிய ஊழியம் பணப் பொருளாதாரத்தின் உடையை அணிந்து மீண்டும் வந்தது எனலாம். எதிர்ப்பின் பின்னர் பௌத்த பிக்குகளுக்கு விலக்களிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கும் விலக்கு உண்டு. அது கருணையன்று, தோட்டத்துரைமாரின் உழைப்பாளர் தொகை குறையாதிருக்கச் செய்த ஏற்பாடு.

சாம்பல்தீவு போன்ற கரையோரக் கிராமங்களில் ஆறு நாள் என்பதன் பொருள் யாது? வடகீழ்ப் பருவ மழையிற் சரளைத் தெருவைத் திருத்த இயலாது. வறண்ட மாதங்களே அதற்கு உகந்தவை. கிழக்குக் கடல் அமைதியுற்று மீன்பிடி நடைபெறுவதும் அம்மாதங்களிலேயே. ஆகவே தெருவுக்குக் கொடுத்த நாள் கடலில் இழந்த நாளாகும். இவ்விழப்பு எந்தத் தெரு மதிப்பீட்டிலும் இடம்பெறத்தக்கதன்று. மலிவான தெரு என்று வரலாற்றாசிரியர் எழுதும்போது, யாருக்கு மலிவு என்ற கேள்வி எழாமற் போவது இதனாலேயே.

பிரான்சிலும் இவ்வகைத் தெரு ஊழியம் நிலவியது. 1776இல் துர்கோ அதனை ஒழித்தார். அவர் பதவியிழந்ததும் அது மீண்டது. அங்கே புரட்சியின் வாசலில் மறைந்த வழக்கம் இங்கே புதிதாகச் சட்டமேறியது என்பது குறிப்பிடத்தக்கது.

1848 யூலையில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு டொறிங்டனின் வரிகளே உடனடிக் காரணம். கிளர்ச்சி இராணுவச் சட்டத்தால் நசுக்கப்பட்டது; புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்; டொறிங்டன் 1850இற் பதவி நீங்கினார். தெரு வரியோ நீங்கவில்லை. 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை மாகாண, மாவட்டத் தெருக் குழுக்களின் பொறுப்பில் நிலைநிறுத்தியது. மக்கள் அதனைத் தலைவரி என்றனர். சட்டம் தேடித் தந்த பெயரைவிட இது பொருத்தமானது.

1920களின் தொடக்கத்திலேயே இவ்வரிக்கு முடிவு வந்தது. இளைஞர் இலங்கைச் சங்கத்தினர் அதற்கெதிராக இயக்கம் நடத்தினர். அவர்களுள் ஒருவரான விக்ரர் கொறையா, வரி செலுத்த வசதியிருந்தும் மறுத்துச் சிறை சென்றார்.