ஒட்டுத் தகட்டின் அடியில்

விமானப் பராமரிப்பில் பிழை நிகழும் நாளுக்கும் அதன் விளைவு வெடிக்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிடக்கூடும் என்பதும், அந்த இடைவெளியே பெரும் ஆபத்து என்பதும், தரையில் வால் உரசிப் பழுதுபார்க்கப்பட்ட இரண்டு போயிங் 747 விமானங்களின் வரலாற்றால் புலனாகின்றன.

1978 ஜூன் 2 அன்று ஒசாகாவில் தரையிறங்குகையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமொன்றின் வால்பகுதி ஓடுபாதையில் மோதியதால், பயணிகள் அறையின் காற்றழுத்தத்தை வால்பக்கம் போகவிடாமல் தடுத்துநிற்கும் குவிமாட வடிவச் சுவர் சேதமுற்றது. விமானத்தைக் கட்டிய போயிங் நிறுவனத்தின் குழுவினரே அச்சுவரின் கீழ்ப்பாதியை மாற்றினர். இரு பாதிகளுக்கும் நடுவே தொடர்ச்சியான ஒரே இணைப்புத் தகட்டை வைத்து, ரிவெட் எனப்படும் தறையாணிகளை வரிசைகளாக அறைந்திருக்க வேண்டும். ஆனால் ஓரிடத்தில் தகடு இரு துண்டுகளாகப் பொருத்தப்பட்டதால், இரண்டு வரிசைகள் தாங்கவேண்டிய பாரம் ஒரே வரிசையின்மேல் விழுந்தது. விளிம்புகளை அடைப்புப் பசை மூடியிருந்ததால், பின்வந்த சோதனைகளிலும் அது கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் அழுத்தம் ஏறி இறங்க, ஆணித் துளைகளின் ஓரம் விரிசல்கள் முளைத்து நீண்டன. இவ்வாறு மீண்டும் மீண்டும் வரும் சுமையால் உலோகம் வலுவிழப்பதையே உலோகச் சோர்வு என்பர்.

1985 ஆகஸ்ட் 12 மாலை, மூதாதையரை நினைவுகூரும் ஒபோன் விழாவையொட்டிப் பயணிகள் நிறைந்திருந்த அவ்விமானம் டோக்கியோவிலிருந்து புறப்பட்டுச் சுமார் 12 நிமிடங்களில், சுவர் பிளந்து பாய்ந்த காற்று செங்குத்து வாலின் பெரும்பகுதியைப் பிய்த்தெறிந்தது. எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைப்பவையும், ஒன்று பழுதானாலும் மற்றவை காக்கும் என்று அமைக்கப்பட்டவையுமான நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் வாலருகே ஒருசேர அறுந்து எண்ணெயை இழந்தன. எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அரைமணி நேரத்துக்கும் மேலாகப் போராடியது போற்றத்தக்கது; ஆயினும் குன்மா மாநில மலையில் விமானம் மோதியபோது, 524 பேரில் நால்வரே பிழைத்தனர். பின்னர் போயிங், செங்குத்து வாலுக்குள் காற்று புகாதபடி மூடியும், எண்ணெய் முழுதும் வெளியேறாதபடி தடுக்கும் அடைப்பானும் பொருத்தியது.

எனினும் 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் விமானம், கீறலுற்ற தோலை வெட்டி நீக்காமல் அதன்மேல் ஒட்டுத் தகடு அறையப்பட்ட நிலையிலேயே 22 ஆண்டுகள் பறந்து, 2002 மே 25 அன்று பெங்கு தீவுகளுக்கு அருகே வானிலேயே உடைந்து 225 உயிர்களைப் பலிகொண்டது. பழுதை மறைத்த தகடே சோதிப்போரின் பார்வையையும் மறைத்தது. பழைய ஒட்டுகளை மறுபடி ஆராயவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே வந்திருந்தும், அவ்விமானத்தில் அந்த ஆய்வு அதுவரை நடைபெறவில்லை.