தத் சகோதரியரும் ஆசிரியவுரிமைச் சிக்கலும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் உடன்பிறந்த பெண்டிர் கூடியெழுதிய நூல்கள் அரியன அல்ல. அவற்றுள் எவர் பங்கு எத்துணை எனப் பிரித்தறிதல் பெரும்பாலும் கடினம். கல்கத்தாவைச் சேர்ந்த ஆரு தத் (1854–1874), தோரு தத் (1856–1877) ஆகியோரைப் பொறுத்தவரை அதற்குச் சான்றுண்டு; இருந்தும் மூத்தவர் மறக்கப்பட்டார்.

1869இல் ஐரோப்பா சென்ற இவ்விருவரும் நீஸ் நகரில் பிரெஞ்சு பயின்றனர். 1873இல் நாடு திரும்பினர். மறு ஆண்டே ஆரு காசநோயால் இறந்தார். 1876இல் பவானிப்பூரில் அச்சான பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பில் ஏறத்தாழ 165 பாடல்கள் உள்ளன. அவற்றுள் எட்டு ஆருவுடையவை. அவர் பெயரின் முதலெழுத்தே அவற்றுக்கு அடையாளம். முகப்பிலோ தோருவின் பெயர் மட்டுமே உண்டு.

ஆங்கிலத் திறனாய்வாளர் எட்மண்ட் காஸ் இத்தொகுப்பைத் திறந்தபோது தம்மை வியப்பில் ஆழ்த்தியதாக எடுத்துக்காட்டும் பாடல், விக்டர் ஹியூகோவின் காலைப்பாட்டு. அதன் மொழிபெயர்ப்பு ஆருவுடையது! தோருவின் புராணக் கதைப்பாடல்கள் 1882இல் இலண்டனில் வெளிவந்தபோது காஸ் எழுதிய முன்னுரையிலே இப்பாராட்டு இடம்பெற்று, தங்கையின் புகழாகவே நிலைத்துவிட்டது. எட்டுப் பாடல்களைக் கொண்டு ஒருவரது நடையை வரையறுத்தல் இயலாது. எனினும் முகப்பை நம்பி உட்குறியைப் புறக்கணிப்பது ஆய்வுநெறி ஆகாது.

தங்கை எழுத, தமக்கை ஓவியம் வரையும் புதினமொன்றையும் இவர்கள் திட்டமிட்டிருந்தனர். அதன் ஒரு பக்கத்தையும் காணாமலே ஆரு மறைந்தார் என்கிறார் காஸ். பிரெஞ்சு மொழியிலமைந்த அப்புதினம் 1879இல் பாரிசில் வெளிவந்தபோது தோருவும் உயிருடன் இல்லை.