மருந்தும் ஒழுக்கமும்: பார்க்கின்சன் சிகிச்சை வரலாற்றில் ஒரு பக்கம்

நோயாளி ஒருவரின் நடத்தையிற் காணப்படும் மாற்றம் நோயின் விளைவா, மருந்தின் விளைவா, அன்றி அவரது இயல்பே அதுவா என்னும் வினா மருத்துவ வரலாற்றிற் பலகால் எழுந்துள்ளது. அம்மாற்றம் பாலுணர்வு சார்ந்ததாயின், வினா எழுமுன்னரே பழி நோயாளிமேல் விழுந்துவிடும். பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1817 இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நடுக்கவாதத்திற்கு மூளையில் டோப்பமின் குன்றுவதே காரணம் என்பது 1960 இல் வியன்னாவில் நிகழ்ந்த ஆய்வால் வெளியாயிற்று. 1967 இல் ஜோர்ஜ் கொற்சியாஸ் டோப்பாவைப் பெருமளவிற் கொடுத்து வெற்றி கண்டார். அசைவற்றிருந்தோர் எழுந்து நடமாடினர். ஆயின் எழுந்தது உடல் மட்டுமன்று. 1969 இல் நியூயோர்க்கில் ஒலிவர் சாக்ஸ் லெவோடோப்பா கொடுத்த மூளையழற்சி நோயாளருள் ஒருவரிடம் கட்டற்ற காமவேட்கையும் தன்னை இரட்சகராகக் கருதும் பெருமிதமும் ஒருங்கே தோன்றியமையை அவரது 1973 ஆம் ஆண்டு நூல் கூறும். நடத்தைக் குறியும் பாலுணர்வு விளைவும் ஒரே வேரினவாக இருத்தல் கூடும் என்பதற்கு இஃது அன்றே கிடைத்த குறிப்பாகும்.

அக்குறிப்பு உரியவாறு கவனிக்கப்படவில்லை. புதிய மருந்து காமவூக்கி என்ற பேச்சே வெளியிற் பரவியது. நோய் தணிந்தமையால் இயல்பான வேட்கை மீண்டது என்ற விளக்கமும் கூறப்பட்டது. அதில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் வரம்பு மீறிய வேட்கைக்கு அது விடையாகாது. (1937 இல் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி ஆகியோர் இதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அவ்விதை நம் சித்தமருத்துவத்தில் ஆண்மை பெருக்கியாக வழங்குவது சுவையான ஒற்றுமை. அதற்குமேல் அதனைக்கொண்டு எதனையும் நிறுவ முற்படுதல் தகாது.)

டோப்பமினைப் போன்று செயற்படும் பிரமிபெக்சோல், ரோப்பினிரோல் ஆகிய மருந்துகள் 1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை உடலியக்கத்துக்குரிய பகுதியோடு நில்லாது, மூளையில் இன்பத்தையும் நாட்டத்தையும் ஆளும் பகுதியையும் தூண்டுவன. 2010 இல் வெளியான ஆய்வொன்றில் 3,090 நோயாளர் பரிசோதிக்கப்பட்டனர். கட்டுக்கடங்காச் சூதாட்டம் நூற்றுக்கு 5.0 பேரிடமும், பாலியல் நடத்தை 3.5 பேரிடமும், பொருள் வாங்கும் வெறி 5.7 பேரிடமும் காணப்பட்டன. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை 3.9 பேரிடம் இருந்தன. இவ்வகை மருந்து உண்டோரில் 17.1 பேரும் உண்ணாதோரில் 6.9 பேரும் இத்தகைய கோளாறு ஏதேனும் ஒன்றுக்கு ஆளாகியிருந்தனர். எனவே, முதுமையில் தடம் புரண்ட கணவர் என்று வீட்டார் வெட்கி மறைத்த பலரை நாம் வேறு கண்கொண்டு நோக்கவேண்டியுள்ளது. சூதாட்டத்தையேனும் வைத்தியரிடம் கூறுவர். மற்றதை யார் கூறுவார்? கேட்கும் வைத்தியரும் அரியர்.

பிரான்சில் ஒரு நோயாளி ரோப்பினிரோல் உண்ட காலத்திற் சூதாடிச் சேமிப்பை இழந்தார். பாலியல் நடத்தையும் கட்டுமீறிற்று. மருந்தை நிறுத்தியதும் இரண்டும் நின்றன. 2012 இல் றென் நகர மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அவர் அம்மருந்தை உண்ணத் தொடங்கியது 2003 இல். இவ்விளைவுகள் பற்றிய எச்சரிக்கை மருந்துப்பொதியின் துண்டுத்தாளில் இடம்பெற்றது 2006 இல்.